பட்டாளத்து ஜீப்புக்கு ஒரு பிளக்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். ண, ன, ந இந்த மூன்றில் எது எங்கே வரும் என்பது இன்றுவரை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்குப் போகவில்லை. பள்ளியும் என்னைத் தேடி வரவில்லை. தங்கை மகள் இதைத் திருத்தித் தட்டச்சு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எழுத்தைத் திருத்து, சங்கதியில் கை வைக்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

காக்களூர் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் தகரக் கூரை போட்ட சின்னக் கொட்டகை ஒன்று என்னுடையது. சாமான் அழுத்தி எடுக்க ஒரு பிரஸ், துளை போட ஒரு மிஷின், வேலைக்கு இரண்டு பெண்கள். பழைய பட்டாள ரேடியோ வண்டிகளைத் தேடி வாங்கி, அவை அந்தக் காலத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே ஆக்கி வைத்துக்கொள்கிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். வண்டியின் தகரத்தைத் தட்டி நிமிர்த்திவிடலாம். டயர் எங்காவது கிடைத்துவிடும். ரேடியோவுக்குக் கரண்ட் கொண்டுபோகிற சின்னச் சின்ன சாமான்கள்தான் கிடைக்காது. பிளக், மூடி, ஸ்விட்சுக் குமிழ் என்று உடைந்த துண்டைப் பொட்டலம் கட்டி எனக்குக் கூரியரில் அனுப்புவார்கள். அதைப் பார்த்து நான் புதிதாகச் செய்து அனுப்புவேன்.

போனில் பேச வேண்டியிருந்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். 'சரிங்க', 'ஆகட்டுங்க' என்பதோடு முடித்துக்கொள்வேன். போன மாதம் அவர்களில் ஒருவர், இப்படி ஒரு வேலை உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டார். தெரியலீங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். எனக்கு நன்றாகவே தெரியும். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நைனா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தார். பகலில் தூங்குவார், அல்லது வீட்டில் இருக்க மாட்டார். அதனால் வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது மாமாதான். அம்மாவின் தம்பி. காக்களூரில் ஒரு பேக்லைட் கம்பெனியில் பிரஸ் ஓட்டினார். பேக்லைட் என்றால் குக்கர் கைப்பிடியும் பழைய கறுப்பு ஸ்விட்சும் செய்கிற சாமான். பவுடராக வரும். சூடான இரும்பு அச்சில் அதைக் கொட்டி அழுத்தினால் இளகி, அப்புறம் கல் மாதிரி இறுகிவிடும். மாமா தெருமுனையில் திரும்பும்போதே அந்தப் பவுடரின் வாடை அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடும்.

மாமாவுக்குப் பெண் அமையாமல் தள்ளிக்கொண்டே போனது. ஆள் பார்க்க நன்றாக இருப்பார். வாய்தான் அதிகம். பெண் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் கம்பெனியே தன்னால்தான் ஓடுகிறது என்பது போலப் பேசுவார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருப்பாள். மாமா கிள்ளுக்கு அடங்குகிற ஆள் இல்லை.

திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை போகிற சாலையில் ஒரு கிராமத்தில் பெண் இருப்பதாகச் சொன்னார்கள். பெண்ணின் அப்பா பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். மனைவி காலமாகிவிட்டார். வீட்டில் அவரும் மகளும்தான். ஊரில் மற்றவர்கள் டிராக்டருக்கு அலைந்த காலத்தில் அவர் ராணுவ ஏலத்தில் ஒரு ரேடியோ ஜீப்பை எடுத்தார். அது ஓடுகிற ஜீப் கூட இல்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கொட்டகையில் இருந்த இரண்டு மாடுகளையும் ஓரமாகக் கட்டிவிட்டு நடுவில் நிறுத்தினாராம்.

பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நேராகக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். ஜீப்பின் பின்பக்கம் பச்சை வண்ணத்தில் இரண்டு இரும்புப் பெட்டிகள் இருந்தன. பெரியது ரேடியோ. சின்னது அதற்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி. அந்தச் சின்னப் பெட்டியின் முகத்தில் விரல் நீளத்துக்கு நான்கு பித்தளைப் பின்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"தம்பி பேக்லைட் கம்பெனியிலதான கீறீங்க?" என்று மாமாவைக் கேட்டார்.

"ஆமா சார். பிரஸ்ஸே நம்ம கையிலதான்."

பெரியவர் ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே வட்டமான கறுப்பு பிளக் ஒன்று இரண்டாக உடைந்து கிடந்தது. பேட்டரியிலிருந்து வரும் வயர் இந்த பிளக்கில் முடியும். பிளக்கில் நான்கு துளைகள். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு பித்தளைக் குழல். அந்த நான்கும் பெட்டியின் நான்கு பின்கள் மேல் போய் உட்கார்ந்தால்தான் ரேடியோ பேசும்.

"இது மேரி ஒண்ணு செஞ்சி குடுக்க முடியுமா? நானும் ரொம்ப நாளா தேடறேன். எங்கியும் கெடைக்கல."

அம்மா மாமாவைக் கிள்ளினாள். நானே பார்த்தேன்.

"இன்னா சார் இது, ஒரு பிளக்கு! கண்ண மூடிக்கினு செய்வேன்."

"கண்ண தொறந்துகினே செய்ங்க," என்றார் பெரியவர். "அச்சு அசலா இருக்கணும். ஒரு நூல்கூட மாறக்கூடாது. இன்னொண்ணு. இந்த நாலு பின்னும் ஒரிஜினல். இது மேல எவனும் கைய வெக்கக்கூடாது."

முந்தின வாரம் இன்னொரு மாப்பிள்ளையும் வந்து போயிருந்தான் என்று அம்மா விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அத்திப்பட்டுப் பக்கம் பவர் ஹவுசில் நிரந்தர வேலை. அவனிடமும் இதே உடைந்த பிளக்கைக் காட்டியிருக்கிறார். "இத்த காயலாங்கடைல போட்டுட்டு ஒரு டிவி வாங்குங்க மாமா" என்றானாம். இருந்தாலும் நிரந்தர வேலை நிரந்தர வேலைதான். பெரியவர் அவனுக்கும் பதில் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. தன்னோடு பட்டாளத்தில் இருந்த மூன்று பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன், அன்றைக்கு பிளக்கோடு வாருங்கள், மற்றதை அன்றைக்கே பேசிக்கொள்ளலாம் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா மாமாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "இதுவும் தட்டிப் போச்சின்னா இனிமே உனுக்கு நான் பொண்ணு பாக்க வரமாட்டேன்" என்றாள். மாமா பிளக்குத் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. நாங்கள் கிளம்பும்போது என் சட்டைப் பையில் கைநிறைய வேர்க்கடலையைப் போட்டது அந்த அக்காதான்.

அச்சு செய்ய மாமா திருவள்ளூரில் ஒரு லேத் பட்டறைக்காரரைப் பிடித்தார். கூட நானும் போயிருந்தேன். பட்டறைக்காரர் உடைந்த துண்டுகளை ஒட்டிவைத்து அளந்து பார்த்துவிட்டு, "சூடு ஆறினா சுருங்குமே, கொஞ்சம் சேத்துப் போடட்டுமா?" என்று கேட்டார்.

"ஒரு நூலு மாறக்கூடாதுன்னு சொல்லிக்கீறாரு. நீ சேக்கறேன்றியே! இருக்கறத இருக்கறபடி போடு."

"அப்பால என்னிய கேக்கக்கூடாது."

"உன்ன எவன் கேக்கப் போறான்?"

பேக்லைட் ஆறினால் சுருங்கும் என்பது மாமாவுக்குத் தெரியாத விஷயமில்லை. தினமும் கையால் தொட்டு எடுக்கிற சாமான். ஆனால் கம்பெனிக்கு வருகிற அச்சு எல்லாம் அந்தச் சுருக்கத்துக்கும் சேர்த்துப் போட்டே வெளியிலிருந்து வரும். மாமா அதைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அதற்கு மேல், பெரியவர் சொன்ன 'ஒரு நூல்' அவர் காதில் மந்திரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மாமனாராக வரப்போகிறவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மீறாமல் செய்ய வேண்டும் என்பதிலேயே இருந்தார். அப்படித்தான் தப்பு நடந்தது.

கம்பெனி முதலாளியிடம் அனுமதி வாங்கி, விடுமுறை நாளில் பிரஸ்ஸை ஓட்டினார். அச்சில் நான்கு பித்தளைக் குழல்களை நிறுத்தி, பவுடரைக் கொட்டி, மேல் பாகத்தை இறக்கினார். திறந்தபோது ஆவி போல ஒரு புகை. உள்ளே பளபளவென்று கறுப்பு பிளக். மாமா அதன் விளிம்பில் இருந்த பிசிறைச் சின்ன அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, ஊதி, என் கையில் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது. "எப்பிடி?" என்றார். பழைய பிளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. தம்பி ஒரு தலைமுடி அளவு சின்னவன் என்பது எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் படவில்லை. போட்டுப் பார்க்கலாம் என்றால் அந்த நான்கு பின்னும் கிராமத்தில் அல்லவா இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். கைப்பையில் பிளக்கைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். பிசிறு ஏதாவது மிச்சம் இருந்தால் தேய்க்கலாம் என்று அரத்தையும் போட்டுக்கொண்டார். நைனாவுக்கு ஷிப்டு. அம்மா, மாமா, நான் மூன்று பேரும் போனோம்.

பெரியவரின் சிநேகிதர்கள் மூன்று பேரும் முன்பே வந்து, வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இந்தியும் தமிழும் கலந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் ரேடியோ என்று ஏற்பாடு. யாரிடமோ டிராக்டர் பேட்டரி வாங்கி ஜீப்பில் வைத்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் போடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மாமா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

பிளக் போகவில்லை.

முனை நுழைந்தது. அதற்கு மேல் இறங்கவில்லை. மாமா திருப்பிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. பிளக்கை எடுத்துத் துளைகளைப் பார்த்தார், பின்களைப் பார்த்தார். அப்புறம் ஜீப்பின் பின்சீட்டில் அதை வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சுருங்கிகிச்சிடா," என்றார். "அந்த லேத்துக்காரன் சொன்னான்."

அவ்வளவு மெதுவாக மாமா பேசி நான் கேட்டதில்லை. துளைக்குள் இருப்பது பித்தளைக் குழல், தட்டையான அரம் அதற்குள் நுழையாது. அச்சை மாற்றிப் போட வாரக்கணக்கில் ஆகும். பின்களைத் தேய்த்தால் போகும். ஆனால் அதன் மேல் எவனும் கை வைக்கக் கூடாது. மாமா ஒவ்வொன்றாக விரல் விட்டு யோசித்துவிட்டு எழுந்தார்.

"அம்மாகிட்ட இப்ப சொல்லாத. சாப்ட்டு கெளம்பிடலாம்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரையும் பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறினார்கள். மாமா இலையில் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். பெரியவர், "தம்பி, நல்லா சாப்புடுங்க, அப்பால ஒங்க கையாலதான் போடணும்" என்றார். மூன்று சிநேகிதர்களும் தலையாட்டினார்கள். மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவப் போகிறவன் போல எழுந்து, மாமாவின் பையிலிருந்து அரத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன்.

என் கணக்கு ரொம்பச் சுலபமானது. பிளக் புதுசு, மாமா செய்தது, அதைக் கெடுக்கக்கூடாது. பின் பழசுதானே. கொஞ்சம் தேய்ந்தால் யாருக்குத் தெரியும்? ஜீப்பில் ஏறி உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். பித்தளை அரத்துக்கு நன்றாகவே தேய்ந்து கொடுத்தது. மஞ்சள் தூள் முழங்கால் மேல் உதிர்ந்தது. சத்தம்தான் பல் கூசுகிற மாதிரி வந்தது. இரண்டு பின் முடித்து நிமிர்ந்தால், கொட்டகை வாசலில் அந்த அக்கா இடுப்பில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"டேய். இன்னா பண்ணிகினு கீற?"

அரத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"காட்டு."

காட்டினேன்.

"மாமா சொன்னாரா தேய்க்கச் சொல்லி?"

"அவருக்குத் தெரியாது. பிளக்கு போவல. சாப்ட்டு ஊட்டுக்குப் போலாம்னு சொல்ட்டாரு."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஜீப்பில் ஏறி, பிளக்கை எடுத்துத் தானே பின்களின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒரு பக்கம் இறங்கியது, மறு பக்கம் இடித்தது. குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"எத்தினி பாக்கி?"

"ரெண்டு."

"வெளிப்பக்கம் மட்டும் தேய். அங்கதான் இடிக்குது. உள்பக்கம் தொடாத."

நான் தலையாட்டினேன். "சத்தம் ஊடு வரைக்கும் கேக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கொட்டகைக்கு வெளியே ஒரு அடிபம்பு இருந்தது. எண்ணெய் காணாத பம்பு. ஒவ்வொரு அடிக்கும் கிறீச் கிறீச்சென்று ஊரைக் கூட்டும். அவள் அடிக்க ஆரம்பித்தாள். நான் தேய்க்க ஆரம்பித்தேன். அவள் நிறுத்தினால் நானும் நிறுத்தினேன்.

குடம் நிறைந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"உங்க மாமா குடிப்பாரா?"

"டீ குடிப்பாரு."

"அது இல்லடா."

"அப்ப தெர்ல. பொங்கலப்ப ஒரு தபா அம்மா திட்டிச்சி."

போய் இன்னொரு குடம் அடித்தாள். இந்தத் தடவை அடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது. திரும்பி வந்தாள்.

"கோவம் வருமா?"

"சோத்துல முடி கெடந்தா வரும்."

"அடிப்பாரா?"

"என்னிய அடிச்சதே இல்ல. வாய்தான்."

"அத்ததான் அன்னிக்கே பாத்தனே," என்று சொல்லிச் சிரித்துவிட்டு மறுபடியும் பம்புக்குப் போனாள்.

வீட்டுக்குள்ளிருந்து பெரியவர் குரல் வந்தது. "இன்னாத்துக்கும்மா இவ்ளோ தண்ணி?"

"பாத்தரம் கழுவ நைனா!"

"எல போட்டுதான சாப்புடறோம்?"

"கொழம்பு குண்டான் கீதே!"

நல்ல உழைப்பாளி என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் யாரும் ஒரே மூச்சில் இத்தனை குடம் அடித்து நான் பார்த்ததில்லை. குடங்கள் நிறைந்து தொட்டியும் நிறைந்து தண்ணீர் வாய்க்கால் மாதிரி மாட்டின் காலடியில் ஓடியது. நான்காவது பின்னையும் முடித்தேன். அவள் வந்து தாவணி முனையால் பித்தளைத் தூளை ஒன்றுவிடாமல் துடைத்தாள். என் முழங்காலையும் துடைத்தாள். "போய் எலைல ஒக்காரு. பாயசம் ஊத்தப் போறாங்க" என்றாள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் கொட்டகைக்கு வந்தார்கள். அம்மா ஒரு ஓரமாக நின்றாள். அந்த அக்கா மாட்டுக்குப் பக்கத்தில் நின்று மாட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். மாமா ஜீப்பில் ஏறியதைப் பார்த்தால் ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது. என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று வாயைத் திறந்து, "சார், இதுல ஒரு சின்ன விசயம் இன்னான்னா..." என்று ஆரம்பித்தார்.

"போடுங்க தம்பி," என்றார் பெரியவர்.

மாமா போட்டார். பிளக் நான்கு பின்களின் மேலும் அடிவரைக்கும் போய் உட்கார்ந்தது.

மாமா தன் கையையே பார்த்தார். பெரியவர் ஸ்விட்சைத் தட்டினார். சின்னப் பெட்டிக்குள் ஒரு மோட்டார் உர்ரென்று சுற்றத் தொடங்கியது. ரேடியோவின் கண்ணாடி மெல்ல மஞ்சளானது. கொஞ்ச நேரம் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். பெரியவர் குமிழைத் திருகத் திருக, எந்தத் தேசத்துப் பாட்டோ ஒன்று வந்து போனது, யாரோ ஒருவன் புரியாத பாஷையில் கோபித்துக்கொண்டான். அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. கிக்கீ, கிக், கீகீகிக் என்று குருவி கத்துகிற மாதிரி. அது தந்தி பாஷை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது, அப்போது அது வெறும் சத்தம். ஆனால் வயதான அந்த ஆண்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் அசையாமல் நின்றார்கள். ஒருவர் தொடையில் விரலால் எழுதிக்கொண்டே போனார்.

"கப்பல்," என்றார் பெரியவர். "மெட்ராஸுக்கு வந்துகினு கீறான். துறைமுகத்துல எடம் கேக்கறான்."

"எடம் கெடைக்குமா?" என்று நான் கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிநேகிதர்களில் ஒருவர் மாமாவின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மாமாவுக்கு வாய் திரும்பி வந்தது. "நான்தான் அன்னிக்கே சொன்னனே சார், ஒரு நூலு மாறாதுன்னு" என்றார். அம்மாவுக்குக் கிள்ள எட்டவில்லை.

அதோடு முடிந்திருக்கலாம். பெரியவர் ரேடியோவை நிறுத்திவிட்டு, புது பிளக்கைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று அதைக் கழற்றினார். கழற்றியவர் கண் பின்களின் மேல் போனது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நான்கு பின்களிலும் வெளிப்பக்கம் புதுத் தங்கம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. விரலை வைத்து மேலும் கீழும் தடவினார்.

"இத்த யாரு தொட்டது?"

மாமா எட்டிப் பார்த்தார். பார்த்த நொடியில் அவர் முகம் என் பக்கம் திரும்பியது. சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. வாய்தான் வரவில்லை, எனக்கு என்றைக்குமே அதுதான்.

"நான்தான் நைனா," என்றாள் அந்த அக்கா.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் மாட்டின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"விருந்தாளிங்க வராங்களேன்னு பித்தளை எல்லாம் வெளக்கனேன் இல்ல. இதுவும் கறுப்பா கெடந்திச்சி. புளி போட்டுத் தேச்சேன்."

"புளி போட்டு."

"ஆமா. கொஞ்சம் அழுத்தித் தேச்சிட்டேன் போல கீது."

பெரியவர் கண்ணாடிக்கு மேலாக மகளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மாட்டின் காலடியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடியும் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. சிநேகிதர் ஒருவர் எதற்கோ இருமினார்.

பெரியவர் பிளக்கைத் திரும்பவும் பின்களின் மேல் வைத்து, ஒரு விரலால் அழுத்தினார். அது இறங்கியது. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி," என்றார். அம்மாவின் பக்கம் திரும்பி, "ஆவணியில வெச்சிக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

பஸ் நிறுத்தத்தில் மாமா அம்மாவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். தகரக் கொட்டகைச் சூட்டில் பிளக் விரிந்துகொண்டது, அதனால்தான் காலையில் போகாதது மத்தியானம் போனது, பேக்லைட்டின் குணமே அதுதான் என்றார். மின்னிய பின்களைப் பார்த்த பிறகும் அவர் அதை நிஜமாக நம்பினாரா, அல்லது நம்பிக்கொள்வது நல்லது என்று நினைத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பல வருஷம் எல்லாரிடமும் அதையேதான் சொன்னார். எனக்கு அத்தையாகிவிட்ட அந்த அக்கா பக்கத்தில் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு காய் நறுக்குவாள்.

அந்த மூன்று சிநேகிதர்கள் வழியாக விஷயம் பரவியது. எங்கோ ஒரு பட்டாளத்து ஜீப் வைத்திருந்தவர் ஆள் அனுப்பி பிளக் கேட்டார். மாமா லேத் பட்டறைக்காரரிடம் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு, சுருக்கத்துக்கும் சேர்த்துப் புது அச்சுப் போட்டார். வேலை அப்படியே வளர்ந்தது. நானும் பள்ளியை விட்டு அதற்குள் வந்துவிட்டேன். இன்றைக்கு நான் அனுப்புகிற பிளக் எந்த வண்டியிலும் சரியாக உட்காரும், அந்த ஒரு ஜீப்பைத் தவிர.

அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. ஆனால் நான் பெரியவரையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பட்டாளத்தில் இருந்தவர், ரேடியோ தெரிந்தவர், புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை தேயாது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லையே, இவ்வளவு சுலபமாக ஏமாந்துவிட்டாரே என்று நினைத்தேன். அந்த அக்கா என்னை அடி வாங்காமல் காப்பாற்றுவதற்காகத்தான் பொய் சொன்னாள் என்றும் நினைத்து, அவள் நல்ல அக்கா என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மாமாவிடம் கேட்டார்கள். அத்திப்பட்டுக்காரனிடம் கேட்டார்கள். என் அம்மாவிடம்கூட ஆவணியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். இந்த இரண்டு பேரில் உனக்கு யார் என்று அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவள் அன்றைக்குத் தானாகவே, அத்தனை பேர் முன்னாலும், அப்பாவின் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னாள். அவரும் கேட்டுக்கொண்டார். நான் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, அவர்கள் புளியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்தது: ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, காக்களூர்.